இருந்தா தருவோம்

அவர் வாயிலிருந்து ‘கட்டாயம்’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகை வைத்தால் “முடிஞ்சா வரேன்” என்பார். முதல் பந்திக்கே வந்து உட்கார்ந்திருப்பார். தெருக் குழந்தைகள் காலைக் கட்டிக்கொண்டு “நாளைக்கு மிட்டாய் வாங்கித் தருவீங்களா?” என்று கேட்டாலும், “நாளைக்கு நான் இருக்கணும், கடை தொறந்திருக்கணும், பாக்கலாம்” என்பார். குழந்தைகளின் முகம் சுருங்கிப் போகும். இன்ஷா அல்லாஹ் என்றாவது சொல்லக் கூடாதா என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். “செய்யற எண்ணம் இல்லாதவன்தான் இப்பல்லாம் அதச் சொல்லித் தப்பிக்கிறான். நம்ம சோம்பேறித்தனத்துக்கு அல்லாவ ஜாமீனுக்கு இழுக்கக் கூடாது” என்றார்.

முல்லா வீதியில் அவரை எல்லாரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றே கூப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய சிப்பாய்; எங்கள் ஊரில் சொல்தா என்போம். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே மகன் பிரான்சில். எழுபதைத் தாண்டிய வயதிலும் முதுகு வளையாது. வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். என் அத்தாவுக்குப் பழக்கமானவர் என்பதால் நான் மாமா என்பேன்.

அவருடைய வீட்டு முன்னறையில்தான் சங்கம் நடந்தது. ஆளுக்கு மாதம் ஒரு தொகை போடுவோம். யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு, கடையில் தீ, வீட்டில் ஒரு மௌத்து, அடக்கச் செலவு என்றால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பிரான்சில் இந்த ஏற்பாட்டுக்கு ‘முத்யுவேல்’ என்று பெயராம். “நம்ம மார்க்கத்துல தகாஃபுல்னு சொல்றதும் இதான். ஒருத்தர் பாரத்த ஒருத்தர் தூக்கறது” என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். தெருவுக்கு அந்த இரண்டு பெயருமே நாக்கில் நிற்கவில்லை. முத்துவேல் ஆக்கிவிட்டார்கள். “முத்துவேலுக்குக் கட்டிட்டியா?” “முத்துவேல்ல குடுத்தாங்களா?” ஒருநாள் ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர் ஒருத்தர், இந்த வீதியில் இவ்வளவு செல்வாக்கான அந்த முத்துவேல் யார், அவரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வாசலில் காத்திருந்தார்.

எங்கள் ஆட்களில் பலர் இன்ஷூரன்ஸ் எடுப்பதில்லை. அதில் வட்டி இருக்கிறது, சூது இருக்கிறது, கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாத ஒன்றை விலைக்கு வாங்குகிறோம் என்பார்கள். முத்துவேலில் வாங்குவது விற்பது எதுவும் இல்லை. போடும்போதே அது நம்முடையது இல்லை என்று மனதில் நினைத்துக்கொண்டு போட வேண்டும். புதிதாக வரும் எல்லாரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “எனக்கு ஒண்ணுன்னா எவ்ளோ கிடைக்கும் முசே?”

அவர் சொல்லும் பதிலும் ஒன்றேதான். “இருந்தா தருவோம்.”

பாதிப் பேர் அதைக் கேட்டு எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் சேர்ந்தார்கள். அறுபது குடும்பத்துக்கு மேல் இருந்தோம். பை வியாபாரிகள், தையல்காரர்கள், மெக்கானிக்குகள், பிரியாணி மாஸ்டர் ஒருவர். எங்கள் ஆட்கள் மட்டும் என்றில்லை, வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் ஒரு அக்காவும் இருந்தார்.

என் வீட்டுக்காரருக்குத் தட்டாஞ்சாவடியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. கடன் வாங்கிப் புது மெஷின் ஒன்று போட்டிருந்தார். அந்த வருடம் புயலோடு வந்த மழையில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் மெஷினைத் திறந்து பார்த்தவர், மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார் என்று அங்கே வேலை செய்த பையன் சொன்னான்.

முத்துவேலில் கேட்டோம். அந்த ஒரே மழையில் ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். இருந்ததைப் பங்கு போட்டதில் எங்களுக்கு வந்தது, மெஷினை ரிப்பேர் செய்ய ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்று நானும் கூடப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார்.

“முசே, பாக்கிய நீங்க இப்ப தர வேணாம். ரெண்டு மாசத்துல தருவோம்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லுங்க. அதச் சொல்லி கடன் குடுத்த பார்ட்டிகிட்ட டைம் வாங்கிக்கிறேன். உங்க பேருக்கு மதிப்பு இருக்கு.”

“ரெண்டு மாசத்துல இருக்குமான்னு எனக்குத் தெரியாதேப்பா.”

“இல்லன்னாலும் பரவால்ல முசே. சும்மா சொல்லுங்க. நான் சமாளிச்சுக்கறேன்.”

“சும்மா எப்பிடிப்பா சொல்றது? இருந்தா தருவோம்.”

இவர் எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். வண்டியில் வரும்போது முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம், “கெழவனுக்கு ஒரு வார்த்தைக்குக்கூட காசு செலவாகும்போல” என்றார். நானும் சிரித்தேன். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்துகிறது.

ஏழு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை விடிந்த பிறகு, வைத்திக்குப்பத்து ஆட்கள் என் வீட்டுக்காரரைக் கடலிலிருந்து தூக்கி வந்தார்கள்.

கடற்கரைக் கருங்கல் மேல் உட்கார்ந்திருந்தவர் சறுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போலீசும் தவறி விழுந்ததாகத்தான் எழுதிக்கொண்டது. தொழுகை வைத்து அடக்கம் செய்தோம். மறுநாள் பட்டறைப் பையன் அவருடைய சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். கழுவி வைக்கலாம் என்று டப்பாவைத் திறந்தேன். உள்ளே பில் புத்தகத்திலிருந்து கிழித்த தாள் நாலாக மடித்துக் கிடந்தது.

‘ஜீனத், என்னால முடியல. என்ன மன்னிச்சிடு. முத்துவேல்ல கேளு, குடுப்பாங்க. புள்ளைங்கள பாத்துக்க.’

அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஷமீமாவுக்குப் பதினாறு வயது, பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அஸ்லமுக்கு எட்டு. நான் இத்தாவில் இருந்தேன். புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது, வேற்று ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. முத்தியால்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தோம். கடன் கொடுத்தவர்கள் அந்தத் திரைக்கு வெளியே வந்து நின்றார்கள். முதல் வாரம் துக்கம் கேட்டார்கள். இரண்டாம் வாரம் தவணை கேட்டார்கள். ஒருத்தன் தினமும் வந்து வாசல்படியில் உட்கார்ந்து போனில் சத்தமாகப் பாட்டு கேட்பான். எதுவும் பேச மாட்டான். அவன் எழுந்து போகும்வரை நானும் பிள்ளைகளும் மூச்சு விடாமல் உள்ளே இருப்போம். வீட்டில் இருந்த அரிசியை அளந்து அளந்து போட்டேன். தூங்கினால் டப்பாவைத் திறக்கிற மாதிரியே கனவு வந்தது.

முசே மாமா பத்தாம் நாள் வந்தார். நாற்காலி போடச் சொன்னேன், வேண்டாம் என்று சொல்லித் திரைக்கு வெளியே நின்றார். கீழே அவருடைய கறுப்பு ஷூ மட்டும் தெரிந்தது.

“முத்துவேலுக்கு ஒரு காயிதம் எழுதணும்மா. எப்பிடி நடந்துச்சுன்னு சொல்லு, எழுதிக்கறேன்.”

“கல்லு மேலேந்து சறுக்கிட்டாரு மாமா.”

பேனா ஓடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

“நீ சொல்றத எழுதறேன். நான் பாக்கல. நீ பாத்தியா?”

வேறு யார் கேட்டிருந்தாலும் அதே பொய்யை இன்னொரு தடவை சொல்லியிருப்பேன். ஆனால் இவ்வளவு நாளில் எங்களிடம் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லாத மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அது மட்டுமில்லை. பத்து நாளாக அந்தத் தாளோடு நான் தனியாக இருந்தேன். இன்னொருத்தருக்குத் தெரியாவிட்டால் என் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ரவிக்கையிலிருந்து அதை எடுத்து, திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டினேன்.

படித்தார். ரொம்ப நேரம் படித்தார். நாலு வரிதான் இருந்தது.

“இத நீ எனக்குக் காட்டாமலே இருந்திருக்கலாம்” என்றார்.

“கிழிச்சிடுங்க மாமா. நீங்க பாக்கல, நான் காட்டல.”

தாள் திரைக்குக் கீழே திரும்பி வந்தது, மடித்த மடிப்பு மாறாமல். “பாத்துட்டேனேம்மா” என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். சங்கத்துக்கு விதி எழுதியவர் அவர்தான். அதில், தானாக உயிரை விட்டால் குடும்பத்துக்கு எதுவும் கிடையாது என்று ஒரு விதி உண்டு. முன்னறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் அதுவும் இருந்தது. சேருகிறவர்கள் யாரும் அந்தத் தாளைப் படித்ததில்லை. என் வீட்டுக்காரரும் படிக்கவில்லை.

“பிரான்சு காயிதத்தப் பாத்து எழுதுனேன். எதுக்குன்னு யோசிக்கல. கம்பெனிக்காரன் போடற விதி அது. குடுப்பாங்கன்னு எழுதிட்டுப் போயிருக்காரு பாரு. அந்த வார்த்தய நான் யாருக்குமே சொன்னதில்லையே.”

திரைக்குப் பின்னாலிருந்து கத்திவிட்டேன். “அன்னைக்கு ஒரு வார்த்த கேட்டாரே மாமா! ரெண்டு மாசத்துல தரேன்னு ஒரு வார்த்த! பொய்யாவே சொல்லியிருந்தா என்னா? இருந்திருப்பாரே!”

ஷூ அசையவில்லை.

“இருந்திருப்பாரோ என்னமோ. தெரியலம்மா” என்றார்.

பிறகு, என்ன செய்யலாம் என்று சொன்னார். விதியை மாற்றலாம். மாற்ற வேண்டுமானால் எல்லாரிடமும் கேட்க வேண்டும், ஏனென்றால் பணம் போட்டது எல்லாரும். கேட்பதென்றால் நடந்ததை உள்ளபடி சொல்லித்தான் கேட்க முடியும். “உன் புருஷன் பேரு தெருவுக்கு வரும். நீ சொன்னா போறேன். வேணாம்னா இந்தக் காயிதத்தப் பத்தி எந்தக் காலத்துலயும் யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா பணம் கேட்டு எழுதவும் மாட்டேன்.”

“போய்க் கேட்டா குடுப்பாங்களா?”

“தெரியாது.”

மூன்று நாள் யோசித்தேன். இதற்குள் முல்லா வீதியில் தோல் பை மொத்த வியாபாரம் செய்பவர் தர்மமாகக் கொஞ்சம் பணம் அனுப்பினார். வாங்கிக்கொண்டேன். வாடகைக்கும் மளிகைக்கும் அது ஆறு வாரம் வந்தது. மாமா காதுக்கும் விஷயம் போயிருக்கிறது. “நல்லதாப் போச்சு, வாங்கிக்க. அது அவரு மனசாரக் குடுக்கறது. அடுத்த மாசம் மனசு வரலன்னா நீ கேக்க முடியாது. முத்துவேல்ல நீ கேக்கலாம். பதினொரு வருசம் கட்டியிருக்கீங்க” என்று சொல்லியனுப்பினார். அவரே கைக்காசு போட்டுக் கொடுத்துவிடலாமே, பிரான்சு பென்ஷன் வருகிறதே என்று என் தம்பி ஆத்திரப்பட்டான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிள்ளைகள் வயிறு காயும்போது உரிமையாவது, தர்மமாவது.

மூன்றாம் நாள், படியில் உட்கார்ந்து பாட்டு கேட்பவன் ஷமீமாவைப் பார்த்து ஏதோ சொன்னான். அவள் பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு உள்ளே வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே தம்பியிடம் சொல்லியனுப்பினேன், “மாமாவப் போய்க் கேக்கச் சொல்லு.”

ஒரு வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஷமீமாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் சொல்லித் தெரிந்தது. வீட்டுக்கு வந்தவள் என் முன்னால் நின்று, “அத்தாவ வித்துட்டீங்க” என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் போட்ட சோற்றைத் தொடாமல், தானே கொஞ்சம் கஞ்சி வைத்து அஸ்லமுக்கும் கொடுத்துத் தானும் குடித்தாள்.

மாமா தன் பழைய டிவிஎஸ் வண்டியில் ஒவ்வொரு வீடாகப் போனார். கூட்டம் போட்டுக் கையைத் தூக்கச் சொல்லலாமே என்று சிலர் கேட்டார்களாம். கூட்டத்தில் பக்கத்து ஆளைப் பார்த்துக் கை தூக்குவார்கள், தனியாகக் கேட்டால்தான் மனதில் இருப்பது வரும் என்று சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் இல்லை என்றால் மறுபடி போனார். நாலு மாதம் பிடித்தது. என் இத்தா முடிந்தபோது இன்னும் ஏழெட்டு வீடு பாக்கி இருந்தது. ஒருநாள், “நானும் வரேன் மாமா” என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவர் மீது இருந்த கோபம்கூடக் காரணமாக இருக்கலாம். என்ன சொல்லிக் கேட்கிறார் என்று என் காதால் கேட்க வேண்டும்.

முதலில் போனது ஒரு பாத்திரக் கடை. கடைக்காரர் அவரை உட்காரச் சொல்லவில்லை. புர்கா போட்டிருந்த என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

“தற்கொலைக்குக் குடுக்கவா முசே மாசாமாசம் கட்டறோம்? ஹராமான சாவு. இன்னைக்கு இவருக்குக் குடுத்தா, நாளைக்குக் கடன்காரன் எல்லாம் கடலப் பாத்து நடப்பான். அந்தப் பாவம் யாரு தலையில?”

“அந்தப் பயம் எனக்கும் இருக்கு” என்றார் மாமா. “அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா போனவருக்கு நாம எதுவும் குடுக்கல. அவரு சம்சாரம் தப்பு பண்ணல, புள்ளைங்க தப்பு பண்ணல.”

“அப்ப நீங்க பண்ணதுதான் தப்பு. வெள்ளத்தப்பவே முழுசா குடுத்திருந்தா, இல்ல தரேன்னு நாலு வார்த்த நல்லதா சொல்லியிருந்தா, அவரு ஏன் சாவறாரு?”

பதிலுக்கு மாமா ஏதாவது நியாயம் சொல்வார் என்று நினைத்தேன். சொல்வதற்கு நியாயம் இருந்தது. அன்று சங்கத்தில் பணம் இல்லை.

“ஆமா” என்றார்.

அவ்வளவுதான். கடைக்காரரும் இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்துக்கொண்டே நின்றார். “எனக்கு இஷ்டமில்ல முசே, என் பேர எடுத்துடுங்க” என்றார். மாமா பட்டியலில் அவர் பெயருக்கு நேரே அதை எழுதிக்கொண்டு, சலாம் சொல்லிவிட்டு இறங்கினார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்க அவரால் முடியவில்லை. நான்தான் தள்ளி எடுத்தேன்.

அங்கிருந்து வைத்திக்குப்பம் போனோம். மீன்கார அக்கா மணலில் கூடையை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய புருஷனுக்குப் படகில் கால் நசுங்கியபோது முத்துவேலில் கொடுத்திருந்தார்கள். மாமா முழுவதும் சொல்லி முடிக்கும்வரை அக்கா மீன் செதிலைச் சீவிக்கொண்டே இருந்தார். பிறகு கையைக் கழுவினார்.

“எங்க குப்பத்துல எத்தினி பேரு போயிருக்காங்க. எப்பிடிப் போனான்னு கடலு வந்து சொல்லுதா? வூட்ல இருக்கறதுங்க சாப்பிடணுமா வேணாமா? கையெழுத்து எங்க போடணும், காட்டு.”

ஈரக் கையால் போட்டதில் தாள் நனைந்தது. அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, “நீதானா அது?” என்று கேட்டார். தலையாட்டினேன். “நம்ம ஆளுங்கதான் தூக்கியாந்தாங்க” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது அங்கேதான்.

பாதிக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். விதி மாறியது. பத்தொன்பது பேர் விலகினார்கள். போடும்போதே தானமாகப் போட்டதால் திருப்பித் தர வழியில்லை என்று அவர் சொன்னபோது, முன்னறையில் பெரிய சண்டை நடந்தது. ஒருத்தர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டாராம். அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி ஊருக்குள் வந்தது. ஹலால் திட்டம், வட்டி கிடையாது, கையெழுத்துப் போட்ட அன்றே இத்தனை லட்சம் உறுதி என்று ஏசி ரூமில் உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்துச் சொன்னார்கள். விலகிய பலர் அங்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உறுதி என்ற ஒரு வார்த்தைக்காக என் வீட்டுக்காரர் எப்படிக் கெஞ்சினார் என்று பார்த்தவள் நான்.

எனக்கு முத்துவேலில் நாலு தவணையாகக் கொடுத்தார்கள். கடனில் பெரியவற்றை அடைத்தேன். மெஷினை இரும்பு விலைக்குப் போட்டு மீதியைக் கட்டினேன். பாட்டு கேட்பவன் வருவது நின்றது. ஷமீமாவின் படிப்பு நிற்கவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் என் வீட்டுக்காரர் டப்பாவில் எழுதி வைத்த கணக்கு சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் அவர்கள் வாயை மூடுவேன். அவர் இருந்திருந்தால் கடனோடு இருந்திருப்போம். திட்டு வாங்கிக்கொண்டு, வாடகை பாக்கி வைத்து, இருந்திருப்போம்.

ஷமீமா ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக முல்லா வீதிக்குப் போயிருக்கிறாள். மாமாவை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று. இது பிறகு அவளே எனக்குச் சொன்னது. வாசலில் நின்றபடியே கேட்டாளாம்: “எங்க அத்தா நரகத்துக்குப் போவாருன்னு எல்லாரும் சொல்றாங்க. போவாரா? உண்மையத்தானே பேசுவீங்க, சொல்லுங்க.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாராம்.

“தெரியாதும்மா. அது எனக்குத் தெரியற விசயம் இல்ல. அவங்களுக்கும் தெரியாது. அஞ்சு வேளையும் அவருக்காகக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

“என்னான்னு?”

“மன்னிச்சிடுன்னு. அவரையும் என்னையும்.”

அன்று வீட்டுக்கு வந்தவள் சீருடையை மாற்றாமலே சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். “பசிக்குதும்மா” என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. சோற்றைப் போட்டுவிட்டு அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதன்பிறகு மாமாவிடம் ஒன்று மாறியது. முன்பெல்லாம் முன்னறை நாற்காலியில் இருப்பார், நாங்கள் தேடிப் போவோம். இப்போது அவர் தேடி வர ஆரம்பித்தார். சங்கத்தில் மிச்சமிருந்த வீடுகளுக்கு மாதம் ஒருமுறையாவது போவார். காசு கேட்க இல்லை. உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார். “தூக்கம் வருதா?” என்று கேட்பார். அதுதான் அவருக்குத் தெரிந்த விசாரிப்பு. தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால் இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டு அங்கேயே இருப்பார். யோசனை எதுவும் சொல்ல மாட்டார். தையல்காரர் ஒருத்தர் வீட்டில் தொடர்ந்து ஒன்பது நாள் போய் உட்கார்ந்திருந்தாராம். அந்தத் தையல்காரர் இன்று பேரன் எடுத்துவிட்டார்.

முத்துவேல் அதற்குமேல் இரண்டு வருடம்தான் ஓடியது. ஆள் குறைந்தால் பாரம் ஏறும். பாரம் ஏறினால் ஆள் குறையும். கடைசியாக இருந்ததை ஒரு டயாலிசிஸ் நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளைப் பிய்த்து எடுத்துவிட்டார். அந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து சதுரமாக ஒரு தடம் இருந்தது.

போன வருடம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மகன் பிரான்சிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டு, ஒரு நர்சை ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். ஒரு பிற்பகலில் நான் பார்க்கப் போனேன். கழுத்துப் பொத்தான் போடாத அவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துவிட்டேன். என்னை அடையாளம் தெரிந்ததும் ஏதோ சொல்ல முயன்றார். சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. மறுபடி முயன்றார். அவர் கண்ணில் இருந்த பயத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நோயாளியைப் பார்க்கப் போகிற எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். “ஒண்ணும் இல்ல மாமா, சரியாயிடும். ரெண்டு மாசத்துல எழுந்து நடப்பீங்க, பாருங்க.”

அவர் இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து சிரமப்பட்டு வெளியே எடுத்தார். விரல்களை இப்படியும் அப்படியுமாக அசைத்தார். ‘வேணாம், அப்படிச் சொல்லாதே’ என்பது எனக்குப் புரிந்தது.

நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அசைந்துகொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“சரியாகுமான்னு தெரியல மாமா” என்றேன். “இன்னைக்கு சாயங்காலம் அசர் தொழுக வரைக்கும் இங்கதான் இருக்கேன்.”

கை அசைவது நின்றது. கண்ணை மூடிக்கொண்டார்.